வயிற்றறை உறுப்புக்களும் அவற்றின் குருதியோட்டமும்

'வயிறு' என்னுஞ் சொல் தமிழிற் பல பொருள்களைத் தாங்கி நிற்பது. உண்ட சோறு சென்று தங்கும் பையும் வயிறு. மார்புக்குக் கீழே இடுப்புவரை அமைந்த உடற்பகுதி முழுவதும் வயிறு. தாயொருத்தி தன் மகனைச் சுட்டி 'என் வயிற்றிற் பிறந்தவன்' என்னும்போது கருப்பையும் வயிறே. பேச்சு வழக்கிலே இதனால் எவர்க்கும் இடரில்லை. நோய் வந்தவிடத்து மாத்திரம் இடர் தோன்றுகின்றது. 'வயிற்றுவலி' என்னும் ஒரே சொல்லுக்குள் இரைப்பை, ஈரல், பித்தப்பை, சதையி, சிறுகுடல், பெருங்குடல், குடல்வளரி ஆகிய யாவற்றின் துன்பமும் அடங்கிவிடுகின்றது. வகுப்பிலே மாணாக்கரை நோக்கி, 'இரைப்பை எங்கேயுள்ளது? கையால் தொட்டுக் காட்டுக' என்று நான் கேட்டதுண்டு. பத்துப் பேரில் எண்மராவது தொப்புளைத் தொட்டனர். இரைப்பையோ பெரும்பாலும் இடப்பக்கத்துக் கீழ் விலாவென்புகளின் மறைவில் இருப்பது.

நான் மருத்துவனல்லன். புறநிலைத் தேர்வு வழியே கலைப்பட்டம் பெற்றுத் தமிழும் வரலாறும் கற்பித்து வருபவன். சுகாதார பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத ஆண்டுகளில் அதனையும் ஏற்று நடத்தியவன். இத்துறை நூல்களை என்னைத் தேடிப் படிக்கச் செய்தது பாடத்திட்டமன்று. ஒரு மாணவனுக்கு நேர்ந்த இடரும் அதில் எனக்கிருந்த பங்குமேயாம். முன்பு வேறொரு பாடசாலையில் விடுதிக்குப் பொறுப்பாக இருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் மாலை, "சேர், தொப்புளைச் சுற்றி வலிக்குது" என்று வந்தான். இராச் சாப்பாட்டை வேண்டாமென்றான். ஒருமுறை வாந்தியும் எடுத்தான். மாங்காய் தின்றதனால் வந்த வாயுவென்று நான் முடிவுகட்டி, ஓமத்தை அவித்துக் கொடுத்துப் படுக்கச் செய்தேன். விடியற்காலையில் ஆமணக்கெண்ணெயும் கொடுத்தேன். காலையில் வலி வலப்பக்கத்து அடிவயிற்றுக்குச் சென்றிருந்தது. வலி இறங்குகின்றது, இனிப் போய்விடும் என்று அவனுக்கு ஆறுதல் கூறினேன். நண்பகலளவில் வலி திடீரெனக் குறைந்தது. விடுதியில் யாவரும் மகிழ்ந்தோம். பொழுதுசாயும் வேளையிற் கடுங் காய்ச்சலுடன் வயிறு பலகைபோல் இறுகியது. அன்றிரவே மருத்துவமனையிற் சத்திரசிகிச்சை நடந்தது. குடல்வளரி வெடித்திருந்தது. பையன் பிழைத்துக்கொண்டான், ஆயினும் ஒரு தவணைப் படிப்பை முழுதாக இழந்தான். "மாஸ்டர், வலி இடம் மாறினவுடனேயே கொண்டு வந்திருக்கலாமே" என்று சத்திரவைத்தியர் என்னிடம் அமைதியாகவே சொன்னார். அவர் அதட்டியிருந்தால் எனக்கு அத்துணை வருத்தம் இருந்திராது.

வலப்பக்கத்து அடிவயிற்றிலுள்ள ஓர் உறுப்பின் நோய் ஏன் தொப்புளில் வலியாகத் தொடங்குகின்றது? இந்த வினாவுக்கு விடை, உறுப்புக்கள் இன்று இருக்கும் இடத்தை மட்டும் நோக்கினாற் கிடையாது. அவற்றுக்குக் குருதியூட்டும் நாடிகளை நோக்கினாற் கிடைக்கும். அதனையே இக்கட்டுரையில் இயன்றவரை விளக்க முயல்வேன்.

முதலில் உறுப்புக்களைச் சுருக்கமாகக் காண்போம். வயிற்றறையின் கூரை பிரிமென்றகடு. அதனைத் துளைத்து உணவுக்குழாய் கீழிறங்கி இரைப்பையை அடைகின்றது. இரைப்பை நிறைய உண்டபோது ஓர் இலீற்றருக்கு மேலும் கொள்ளவல்லது. கூரையின் கீழ் வலப்பக்கத்தைப் பெரிதும் அடைத்துக்கொண்டிருப்பது ஈரல். வளர்ந்த ஒருவரில் ஏறத்தாழ 1.5 கிலோகிராம் நிறையுடையது. அதன் கீழ்ப்புறத்திற் பித்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பையைத் தொடர்வது முன்சிறுகுடல். 25 சதமமீற்றர் நீளமான இது பிறைபோல் வளைந்து, அவ்வளைவுக்குள்ளே சதையியின் தலையை ஏந்தி நிற்கின்றது. சதையியின் வால் இடப்பக்கமாக நீண்டு மண்ணீரலைத் தொடுகின்றது. மண்ணீரல் சமிபாட்டுறுப்பன்று, ஆயினும் குருதியோட்டத்தில் அஃது இக்குடும்பத்தையே சேர்ந்தது. சிறுகுடல் முழுவதும் ஏறத்தாழ 6 மீற்றர், பெருங்குடல் 1.5 மீற்றர். பெருங்குடல் வலப்பக்கத்து அடியிலே குருட்டுக்குடலாகத் தொடங்கி மேலேறி, ஈரலின் கீழ் வளைந்து, குறுக்கே சென்று, மண்ணீரலின் அருகே மீண்டும் வளைந்து, இடப்பக்கமாக இறங்கி நேர்குடலில் முடிகின்றது. குருட்டுக்குடலிலிருந்து விரல்போல் தொங்குவதே குடல்வளரி.

ஆறு மீற்றர்க் குடல் சிக்கலுறாமல் எவ்வாறு அடங்கியிருக்கின்றது என்பது வியக்கத்தக்கது. குடல் வயிற்றறையிலே தளர்வாகக் கிடக்கவில்லை. சுற்றுவிரி என்னும் மெல்லிய சவ்வு வயிற்றறையின் சுவரை உட்புறம் போர்த்து, பின்சுவரிலிருந்து இரட்டை மடிப்பாக எழுந்து, குடலைச் சுற்றித் தழுவி மீளுகின்றது. இம்மடிப்புக்கு நடுமடிப்பு என்று பெயர். பின்சுவரில் இதன் அடி ஏறத்தாழ 15 சதமமீற்றரே. குடலைப் பற்றும் விளிம்போ பல மீற்றர். சேலைக் கொய்சகத்தை நினைத்துக்கொள்க. இடுப்பிற் செருகிய இடத்தில் நான்கு விரலளவு. கீழே விரிந்தால் எத்துணை அகலம்! அந்தக் கொய்சகத்தின் இரு படைகளுக்கும் நடுவேதான் நாடிகளும் நாளங்களும் நரம்புகளும் நிணநீர்க்குழாய்களும் குடலை நோக்கிச் செல்கின்றன. சந்தையில் ஆட்டுக்குடலை விரித்து வைத்திருக்கக் கண்டவர்கள் இக்குழாய்கள் விசிறிபோற் பரந்திருப்பதைக் கண்டிருப்பர். சைவ உணவினர் இவ்வுதாரணத்தைப் பொறுத்தருள்க.

இனி நாடிகள். இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்வன நாடிகள். இதயத்துக்கு மீளக் கொணர்வன நாளங்கள். பெருநாடியானது பிரிமென்றகட்டின் பின்னாகப் பன்னிரண்டாம் நெஞ்சறை முள்ளென்பின் மட்டத்தில் வயிற்றறைக்குட் புகுந்து, முதுகெலும்பை ஒட்டி இறங்கி, நான்காம் நாரி முள்ளென்பின் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கின்றது. இவ்வளவு தூரத்திலும் சிறுநீரகங்களுக்கும் வயிற்றுச் சுவருக்கும் பக்கங்களிலிருந்து சோடி சோடியாகக் கிளைகள் பிரிகின்றன. முற்பக்கத்திலிருந்து தனித்தனியாகப் பிரிவன மூன்றே மூன்று. சமிபாட்டுக்குரிய உறுப்புக்கள் யாவும் இம்மூன்றையே நம்பி வாழ்கின்றன. நூல்கள் அவற்றை உடற்குழி நாடி, மேல் நடுமடிப்பு நாடி, கீழ் நடுமடிப்பு நாடி என்று வழங்கும். நினைவுக்கு எளிதாகுமாறு தலைநாடி, இடைநாடி, கடைநாடி என்று வகுப்பிலே நான் கூறுவது வழக்கம். இக்கட்டுரையிலும் அவ்வாறே கூறுகின்றேன்.

கலைச்சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ்மொழி மூலம் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், உடற்கூற்று நூல்களைத் தம் மாணவரின் துணையுடன் தமிழாக்கியபோது, ஒவ்வோர் என்புக்கும் நாடிக்கும் தமிழ்ப் பெயர் காண வேண்டியிருந்தது. அவர் காலத்துப் பெயர்களிற் பல இன்று வழக்கிலில்லை. எனினும் தமிழில் இப்பொருளைப் பேசலாமோ என்று ஐயுறுவோர்க்கு அந்நூல்களே விடையாகும்.

தலைநாடி குட்டையானது; ஒன்று அல்லது இரண்டு சதமமீற்றர் நீளத்திலேயே மூன்றாகப் பிரிந்துவிடுகின்றது. ஒரு கிளை இரைப்பையின் இட மேற்புறத்துக்கும், ஒன்று மண்ணீரலுக்கும், ஒன்று ஈரலுக்கும் செல்கின்றன. மண்ணீரலுக்குச் செல்வது சதையியின் மேல்விளிம்பை ஒட்டிப் பாம்புபோல் நெளிந்து செல்லும். போகும் வழியிலே சதையிக்கும் இரைப்பைக்கும் குருதியைப் பகிர்ந்தளிக்கும். ஈரலுக்குச் செல்லும் கிளையும் இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் கிளைவிடுகின்றது. இவ்வாறு மூன்று கிளைகளும் இரைப்பையின் இரு விளிம்புகளிலும் ஒன்றோடொன்று இணைந்து வளையமிடுகின்றமையால், ஒரு கிளை அடைபட்டாலும் இரைப்பை பட்டினி கிடப்பதில்லை.

இந்த வளமே ஒருவகையில் ஆபத்தும் ஆகின்றது. முன்சிறுகுடலின் முதற்பகுதிக்கு நேர் பின்னே ஒரு பெருங்கிளை இறங்கிச் செல்கின்றது. குடற்புண் பின்சுவரை அரித்து இந்நாடியைத் தொடுமாயின், குருதி வாந்தியாகவோ தார்போற் கறுத்த மலமாகவோ வெளிப்படும். கறுத்த மலத்தைக் கண்டும் 'இரும்புச்சத்து மாத்திரையினாலாக்கும்' என்று வாளாவிருப்போர் உளர். சில வேளைகளில் அது மெய்யாகவும் இருக்கலாம். மருத்துவரே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். மிளகாயும் கவலையுமே குடற்புண்ணுக்குக் காரணமென்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலே பரி மாஷல், றொபின் வொறன் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒரு பற்றீரியத்தை வளர்த்தெடுத்து, அதுவே பெரும்பாலான புண்களுக்குக் காரணமென்று காட்டினர். 2005 இல் அவர்களுக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. வலிநீக்கி மாத்திரைகளை நாள்தோறும் விழுங்குதல் மற்றொரு பெருங்காரணம்.

இடைநாடி தலைநாடிக்கு ஏறத்தாழ ஒரு சதமமீற்றர் கீழே, முதலாம் நாரி முள்ளென்பின் மட்டத்திற் பிரிகின்றது. முன்சிறுகுடலின் பிற்பகுதி தொடங்கிச் சிறுகுடல் முழுவதும், குருட்டுக்குடல், குடல்வளரி, ஏறுகுடல், குறுக்குக்குடலின் மூன்றிலிரு பங்கு என்பன இதன் ஆட்சிக்குட்பட்டவை. சிறுகுடலுக்குச் செல்லும் கிளைகள் நேராகக் குடலை அடைவதில்லை. அயற்கிளையோடு வளைந்து இணைந்து, அவ்வளைவிலிருந்து மீண்டும் கிளைத்து, மீண்டும் இணைந்து, ஈற்றிலேதான் நேரான சிறு குழாய்களாகக் குடற்சுவருட் புகுகின்றன. சிறுகுடலின் மேற்பகுதியில் இவ்வளைவு ஓரிரு அடுக்கு. கீழே செல்லச் செல்ல அடுக்குகள் பெருகும். குடல் ஓயாது நெளிந்துகொண்டிருப்பது. நெளியும்போது ஒரு கிளை நசுங்கினால் அயற்கிளை வழியே குருதி வந்து சேரும். தோட்டத்திலே ஒரு வாய்க்கால் அடைபட்டாற் பக்கத்து வாய்க்காலை வெட்டிவிட்டுப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்சுவதை இதற்கு ஒப்பிடலாம்.

குடல்வளரிக்கு இந்த வசதி இல்லை. இடைநாடியின் ஒரு கிளையின் கிளையாக வரும் சிறுநாடியொன்றே அதற்கு உரியது. அதனோடு கைகோத்துத் துணைநிற்க வேறு கிளை பெரும்பாலும் இல்லை. வீக்கத்தினால் அச்சிறுநாடி அடைபட்டால் குடல்வளரியின் நுனி அழுகத் தொடங்கிவிடும். ஒரு நாளுக்குள்ளேயே நிலைமை கைமீறிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடைநாடி மூன்றாம் நாரி முள்ளென்பின் மட்டத்திற் பிரிவது, மூன்றினும் சிறியது. குறுக்குக்குடலின் எஞ்சிய பங்கும் இறங்குகுடலும் நேர்குடலின் மேற்பகுதியும் இதற்குரியன. பெருங்குடலின் விளிம்பை ஒட்டி ஓடும் நாடியொன்று இடைநாடியின் கிளைகளையும் கடைநாடியின் கிளைகளையும் இணைக்கின்றது. ஆயினும் மண்ணீரலின் அருகேயுள்ள வளைவில் இவ்விணைப்புச் சிலரிடத்து மெலிந்திருக்கும். வயலுக்கு நீர்பாய்ச்சுவோர் கடைமடை என்று கூறுவரன்றோ? குளத்தில் நீர் வற்றினாற் பயிர் முதலில் வாடுவது அங்கேதான். அவ்வாறே, பெருங் குருதியிழப்பினாலோ இதயத் தளர்ச்சியினாலோ குருதியமுக்கம் நெடுநேரம் வீழ்ந்திருந்தால் குடலில் முதலிற் கேடுறும் இடங்களுள் இவ்வளைவும் ஒன்று.

ஒரு தொடர்க்குழாய்க்கு ஏன் மூன்று நாடிகள்? எல்லைகள் ஏன் முன்சிறுகுடலின் நடுவிலும் குறுக்குக்குடலின் மூன்றிலொரு பங்கிலும் விழுகின்றன? கருவின் வரலாறே இதற்கு விடை. தொடக்கத்திற் கருவின் குடல் நேரான ஒரு குழாய். முற்குடல், நடுக்குடல், பிற்குடல் என்று மூன்று பகுதியாய், ஒவ்வொன்றும் ஒரு நாடியைப் பெற்றிருப்பது. முற்குடலிலிருந்தே ஈரலும் சதையியும் அரும்புகளாக முளைக்கின்றன. ஆதலால் அவையும் தலைநாடியைச் சார்ந்தன. பித்தக்குழாய் வந்து திறக்கும் இடம் முற்குடலுக்கும் நடுக்குடலுக்கும் இடையேயுள்ள எல்லை. நடுக்குடல் மிக விரைந்து வளர்வது. வயிற்றறையோ சிறிது, அதிலும் பெரும்பகுதியை ஈரல் பிடித்துக்கொள்கின்றது. ஆகவே ஆறாம் வாரத்தில் நடுக்குடல் வளையமாகி வயிற்றை விட்டு வெளியேறித் தொப்புட்கொடிக்குட் புகுந்து, பத்தாம் வாரமளவும் அங்கே வாழ்கின்றது. வெளியே சென்று மீளும்போது இடைநாடியையே அச்சாகக் கொண்டு இடஞ்சுழியாக 270 பாகை சுழல்கின்றது. இச்சுழற்சியினாலேயே குருட்டுக்குடலும் குடல்வளரியும் வலப்பக்கத்துக்கு வந்து சேர்கின்றன. குறுக்குக்குடல் முன்சிறுகுடலின் முன்னே படர்கின்றது. உறுப்புக்கள் வீடுமாறிச் சென்றாலும் தமக்குரிய நாடியை விடுவதில்லை.

நரம்புகளும் அவ்வாறே. உறுப்புக்களின் வலியை உணர்த்தும் நரம்பிழைகள் அந்தந்த நாடியைத் தழுவிக்கொண்டே பின்சென்று முண்ணாணை அடைகின்றன. முண்ணாணின் அதே படிகளுக்கு வயிற்றுத் தோலிலிருந்தும் செய்தி வருகின்றது. மூளை இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல், உறுப்பின் வலியைத் தோற்பகுதியின் வலியாகக் கொள்கின்றது. ஆதலால் தலைநாடிக்குரிய உறுப்புக்களின் வலி நெஞ்சுக்குழிக்குக் கீழே, மேல்வயிற்றின் நடுவிலும், இடைநாடிக்குரியவற்றின் வலி தொப்புளைச் சுற்றியும், கடைநாடிக்குரியவற்றின் வலி தொப்புளுக்குக் கீழேயும் தோன்றும். இவை யாவும் மங்கலான வலிகள். விரல்வைத்துக் காட்ட இயலாதவை. குழாய் நடுக்கோட்டிலே தோன்றியமையால் வலியும் நடுக்கோட்டிலேயே உணரப்படுகின்றது.

என் மாணவனின் கதை இப்போது விளங்கும். குடல்வளரி நடுக்குடலைச் சேர்ந்தது. எனவே முதலில் தொப்புளைச் சுற்றி வலித்தது. சில மணி நேரத்தில் அழற்சி வெளிப்புறம் பரவி, வயிற்றுச் சுவரைப் போர்த்துள்ள சுற்றுவிரியைத் தொட்டது. அச்சவ்வுக்குரியவை உடற்சுவரின் நரம்புகள்; இடத்தைத் துல்லியமாகக் காட்டவல்லவை. அவை வலப்பக்கத்து அடிவயிற்றைக் காட்டின. நான் 'வலி இறங்குகின்றது' என்று கொண்டது, உண்மையில் நோய் உறுப்பின் எல்லையைத் தாண்டிவிட்டது என்னும் அறிவிப்பாகும். பின்னர் வலி திடீரெனத் தணிந்தது, வீங்கிப் புடைத்திருந்த குடல்வளரி வெடித்து அதன் அமுக்கம் குறைந்தமையால். ஆமணக்கெண்ணெயோ குடலை மேலும் அசையச் செய்து வெடிப்பை விரைவுபடுத்தக் கூடியது. காரணந் தெரியாத வயிற்றுவலிக்குப் பேதிமருந்து கொடுத்தல் கூடாதென்பதை மருத்துவ நூல்கள் வலியுறுத்துவது இதனாலேயே. எல்லோரிடத்தும் வலி இவ்வொழுங்கில் நடப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். குடல்வளரி குருட்டுக்குடலின் பின்னே மறைந்திருந்தால் வலி இடுப்புப்பக்கம் தோன்றலாம். சிறு குழந்தைகளிடத்தும் முதியோரிடத்தும் குறிகள் தெளிவாயிரா.

இந்நோய் தனியொரு நோயாக இனங்காணப்பட்டது நெடுங்காலத்துக்கு முன்பன்று. 1886 இல் அமெரிக்காவின் பொஸ்தன் நகரத்து மருத்துவர் றெஜினால்ட் பிற்ஸ், அதுவரை குருட்டுக்குடலின் நோயெனக் கருதப்பட்டவற்றிற் பெரும்பாலானவை குடல்வளரியிலேயே தொடங்குகின்றன என்று காட்டி, நோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரையும் இட்டார். 1902 இல் இங்கிலாந்தின் ஏழாம் எட்வேட் மன்னருக்கு இந்நோய் வந்தது. யூன் 26 ஆம் நாள் முடிசூட்டு விழா. நாடெங்கிலுமிருந்து விருந்தினர் வந்துவிட்டனர். மன்னர் ஒத்திவைக்க இணங்கவில்லை. சத்திரவைத்தியர் பிரெடரிக் திரீவ்ஸ் உறுதியாக நின்று, 24 ஆம் நாள் அரண்மனையிலேயே சத்திரசிகிச்சை செய்து சீழை வெளியேற்றினார். மன்னர் உயிர்தப்பி ஓகத்து 9 ஆம் நாள் முடிசூடினார். சத்திரசிகிச்சைக்கு அஞ்சியிருந்த பொதுமக்கள் பலர் அதன்பின் அதனை ஏற்கத் துணிந்தனர்.

இதுகாறும் குருதி வரும் வழியைக் கண்டோம். அது திரும்பிச் செல்லும் வழி இதனினும் புதுமையானது. உடலின் ஏனைய பகுதிகளிலே நாடி கிளைத்து மயிர்த்துளைக்குழாய்களாகும். அவை கூடி நாளங்களாகி நேரே இதயத்தை அடையும். சமிபாட்டுக் குழாயிலிருந்து மீளும் குருதிக்கு அந்த உரிமை இல்லை. இரைப்பை, குடல், சதையி, மண்ணீரல் ஆகியவற்றின் நாளங்கள் சதையியின் கழுத்துக்குப் பின்னே ஒன்றுகூடி, 8 சதமமீற்றர் நீளமான ஒரு தடித்த நாளமாகி ஈரலுட் புகுகின்றன. அங்கே அந்நாளம் நாடியைப்போல மீண்டும் கிளைத்து நுண்குழாய்களாகின்றது. ஈரற்கலங்களைத் தழுவிச் சென்ற பின்னரே குருதி இதயத்துக்குப் போக விடப்படுகின்றது. ஈரலின் வாயில்வழி புகுதலின் இதற்கு ஈரல்வாயில் நாளம் என்று பெயர். துறைமுகத்தில் இறங்கும் சரக்கெல்லாம் சுங்கச்சாவடியைக் கடந்தே ஊருட் புகவேண்டும் என்னும் ஒழுங்கு போன்றது இது.

ஈரலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 இலீற்றர் குருதி வருகின்றது; இளைப்பாறியிருக்கும்போது இதயம் வெளியேற்றும் குருதியில் நான்கிலொரு பங்குக்கு மேலாகும். அதில் முக்காற்பங்களவு வாயில் நாளத்தினால் வருவது. எஞ்சியதே ஒட்சிசன் மிக்க நாடிக்குருதி. கேலன் என்னும் பண்டைய மருத்துவர் இப்பெருநாளத்தைக் கண்டு, உணவின் சாரம் இதன்வழி ஈரலை அடைந்து அங்கே குருதியாக மாறுகின்றதென்று கருதினார். ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் அக்கருத்தே நின்றது. 1628 இல் வில்லியம் ஹாவி குருதி சுற்றியோடுவதை நிறுவியபின் அது வீழ்ந்தது. எனினும் கேலன் முற்றிலும் தவறினாரல்லர். உணவின் சாரம் ஈரலுக்குச் செல்வது உண்மையே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலே பிரெஞ்சு அறிஞர் குளோட் பெர்னாட், ஈரல் வெல்லத்தைக் கிளைக்கோசனாகச் சேமித்து வேண்டும்போது வெளிவிடுவதைக் கண்டறிந்தார். புரதச் சிதைவினால் எழும் அமோனியாவை யூரியாவாக மாற்றுவதும் இங்கேதான்.

இவ்வொழுங்கின் விளைவுகள் நம் வீடுகளிலேயே காணத்தக்கவை. நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் சிறு மாத்திரையைப் பல வீட்டு முதியோர் வைத்திருப்பர். அதனை விழுங்கினால் என்ன என்று மாணாக்கர் கேட்பதுண்டு. விழுங்கினால் மருந்து வாயில் நாளத்தின் வழியே ஈரலை அடையும். ஈரல் அதிற் பெரும்பகுதியை முதலிலேயே சிதைத்துவிடும். நாக்கின் கீழுள்ள நாளங்களோ ஈரலைத் தொடாமல் இதயத்துக்குச் செல்வன. மாறாக, தீயனவும் இவ்வழியைப் பயன்கொள்ளும். வயிற்றுளைவை உண்டாக்கும் அமீபா பெருங்குடற் சுவரைத் துளைத்து இந்நாளத்தின் வழியே சென்று ஈரலிற் சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும். பெருங்குடற் புற்றுநோய் பரவுமிடங்களில் ஈரல் முதன்மை பெறுவதும் இதனால்.

சாவடியே அடைபட்டால் நிகழ்வது மிகக் கொடியது. சாராயம், ஈரலைத் தாக்கும் பீ, சீ வகை வைரசுக்கள், நீரிழிவோடும் உடற்பருமனோடும் சேர்ந்து வரும் கொழுப்பு ஆகியவற்றால் ஈரல் நாளடைவில் இறுகித் தழும்பாகின்றது. வாயில் நாளத்துக் குருதி உள்ளே செல்ல வழியின்றித் தேங்கி, வேறு வழி தேடுகின்றது. உணவுக்குழாயின் கீழ்முனையிலும், தொப்புளைச் சுற்றியும், நேர்குடலின் கீழ்ப்பகுதியிலும் வாயில் நாளத்தின் சிறு கிளைகளும் இதயத்துக்கு நேரே செல்லும் நாளங்களின் கிளைகளும் ஒன்றையொன்று தொடுகின்றன. இவ்விடங்களில் நாளங்கள் புடைத்துப் பெருக்கின்றன. தொப்புளைச் சுற்றிப் புடைப்பவை கண்ணுக்குப் புலனாகும். ஆயினும் அவற்றால் உயிருக்கு இறுதி நேர்வது அரிது. உணவுக்குழாயினுள்ளே புடைப்பவை எவர்க்கும் புலனாகா. ஒருநாள் வெடித்துப் பாத்திரம் நிறையக் குருதி வாந்தியாகும் வரையில் நோயாளி தாம் நலமாயிருப்பதாகவே எண்ணியிருத்தல் கூடும். என் உறவினர் ஒருவரை இவ்வாறு இழந்தோம். அவர் இறந்தது 'வயிற்றுப் புண்ணினால்' என்றே ஊரிற் பேசிக்கொண்டனர்.

சுங்கச்சாவடிக்கு விலக்குப் பெற்ற பொருளும் ஒன்றுண்டு, அது கொழுப்பு. 1622 இல் இத்தாலியப் பேராசிரியர் கசுபாரே அசெல்லி, உணவுண்டு சிறிது நேரமான நாயொன்றை அறுத்துப் பார்த்தபோது நடுமடிப்பில் வெண்ணிற நூல்கள் பரந்திருக்கக் கண்டார். நரம்புகளென எண்ணி ஒன்றை அறுத்தார்; பால்போன்ற நீர் வடிந்தது. சிறுகுடலின் சடைமுளைகளில் உறிஞ்சப்படும் கொழுப்பிற் பெரும்பகுதி இந்நிணநீர்க் குழாய்களின் வழியே மார்பினூடாக ஏறி, கழுத்தின் இட அடியில் நாளத்தோடு கலக்கின்றது. வாயில் நாளத்தை அது தொடுவதேயில்லை. பட்டினி கிடந்த நாயிலே இந்நூல்கள் புலப்படா. அதனாலேயே அவை அதுவரை பலர் கண்ணுக்கும் தப்பின.

ஈற்றில், என் பழைய பாடமொன்றைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. உண்டபின் இடைநாடியில் ஓடும் குருதி இருமடங்குக்கு மேலும் பெருகுவது அளந்தறிந்த உண்மை. இதனைக்கொண்டு, 'சாப்பிட்டபின் குருதியெல்லாம் வயிற்றுக்கு இறங்கி மூளையிற் குறைவதனால் நித்திரை வருகின்றது' என்று பல ஆண்டுகள் வகுப்பிற் சொல்லி வந்தேன். நானும் என் ஆசிரியரிடம் அவ்வாறே கேட்டவன். அது சரியன்று. இதயம் சற்று மிகுதியாக உழைத்து அக்குருதியை ஈடுசெய்கின்றது. மூளைக்குரிய பங்கு பெரிதும் மாறாமல் காக்கப்படுகின்றது. பிற்பகலிற் கண்ணயர்தல் மதிய உணவு கொள்ளாதாரிடத்தும் காணப்படுவது. உடலின் நாட்கடிகாரத்துக்கும் அதிற் பங்குண்டு. ஆகவே மதியத்துக்குப் பிந்திய பாடவேளையிற் கண்மூடும் மாணாக்கர் இனிமேல் சோற்றின்மீது பழிபோட இயலாது. பாடத்தின்மீது போடலாமோ என்பதை ஆசிரியர்களாகிய நாமே ஆராய்தல் வேண்டும்.